மாப்பிள்ளையின் புல்வெட்டும் வண்டியும் என் தையல் டேப்பும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உங்கள் வீடு சுகம், கதவு ஜன்னல் எல்லாம் சுகம், புல்தரையும் சில இடங்களைத் தவிர சுகமாகவே இருக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இதைத் தனியாக உட்கார்ந்து படிக்கவும். மகளிடம் காட்ட வேண்டாம். காட்டினால் உடனே அம்மாவுக்குப் போன் போடுவாள், அம்மா நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவாள். நானே போனில் சொல்லலாம் என்றால் என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் உங்களுக்கு என் மகளைக் கொடுத்தேன். பதினோரு வருடம் கழித்து நீங்கள் எனக்கு உங்கள் புல்வெட்டும் வண்டியின் சாவியைக் கொடுத்தீர்கள். வீட்டை எங்களிடம் விட்டு நீங்கள் இருவரும் இரண்டு மாத வேலையாக வெளியூர் கிளம்பும்போது, "மாமா, ஏறி உக்காந்து ஓட்டினா போதும், வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றீர்கள். அதில் பின்பாதியை நான் இன்னும் கவனமாகக் கேட்டிருக்கலாம். முதல் இரண்டு வாரம் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்றாவது வாரம் நேராகப் போ என்றால் இடது பக்கமாகவே இழுத்தது. நாற்பது வருடம் துணியைக் கோடு பிசகாமல் வெட்டிய கைக்கு இது பொறுக்குமா? உங்கள் மாமியார் சமையலறை ஜன்னலில் நின்றபடியே, இடது டயர் உட்கார்ந்திருக்கிறது, காற்று குறைவாக இருக்கும் என்றாள். கோணலை அளந்துதான் பேச வேண்டும், ஜன்னலில் நின்று பேசக் கூடாது என்று அவள் வாயை அடைத்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

வண்டியோடு வந்த புத்தகத்தில், முன் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே முன்பக்கம் எவ்வளவு இடைவெளியோ ஏறக்குறைய அவ்வளவே அதே சக்கரங்களின் பின்பக்கமும் இருக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தது. என் கடைக்கால டேப்பை எடுத்தேன். அதன் முதல் அங்குலம் எந்தக் காலத்திலோ கிழிந்துபோனது, டேப்பே ஒன்றில்தான் தொடங்கும். நான் மனதுக்குள் ஒன்றைக் கழித்துக்கொள்வேன், அது எனக்கு மூச்சு விடுவது போலப் பழகிவிட்டது. முன்பக்கம் அவள் நுனியைப் பிடிக்க நான் படித்தேன், முப்பது. பின்பக்கம் அடியில் குனிந்து படிக்க வேண்டும், குனிந்தால் என் கண்ணாடி கழன்று விழும், ஆகவே நான் நுனியைப் பிடிக்க அவள் படித்தாள், முப்பத்தொன்று. ஒரு அங்குலம், மாப்பிள்ளை, முழுசாக ஒரு அங்குலம். சட்டையில் இவ்வளவு பிசகினால் வாடிக்கையாளர் கடைவாசலை மிதிப்பாரா? இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் நட்டுகளைத் தளர்த்தி, கம்பியைத் திருகித் திருகி முன்பக்கத்தை விரித்தேன். விரலில் தோல் போனது, இடுப்பு பிடித்துக்கொண்டது, கடைசியில் முன்னால் முப்பதரை, பின்னாலும் முப்பதரை. பார்த்தால் வாத்து நடக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் உங்கள் மாமியார். கண் ஏமாற்றும், டேப் ஏமாற்றாது என்றேன்.

பிறகு ஏறி ஓட்டினேன். அதை ஓட்டினேன் என்று சொல்வதும் சரியில்லை. இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசைக்கு இழுக்க, புல்லை வெட்டுவதற்குப் பதில் பிறாண்டிக்கொண்டே பூப்பாத்திக்குள் போய், அங்கிருந்து தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு, துணி காயும் கொடியில் நுழைந்து, ஈரப் போர்வையைத் தலையில் போர்த்தபடி ஒன்றும் தெரியாமல் வேலியைப் பார்த்துப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் வழிவிட்டார், வேலி விடவில்லை. எனக்கு அடி ஒன்றும் இல்லை. வேலியிலும் இரண்டு பலகைதான்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வண்டியை அதே போர்வையால் மூடி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது. நாளை மெக்கானிக் வருகிறார். நீங்கள் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நம்பிக் கொடுத்த ஒரே பொருளையும் கெடுத்துவிட்டார் என்று நினைத்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலையெல்லாம். ஏற்கெனவே நான் தைத்த கல்யாணக் கோட்டில் வலது கை ஒரு அங்குலம் நீண்டு எல்லாப் போட்டோவிலும் உங்கள் விரல்களை மறைத்தது. அளவில் தவறில்லை, உங்கள் வலது தோள்தான் தாழ்ந்திருக்கிறது என்று அன்றே விளக்கினேன். நீங்களும் மறுபேச்சு இல்லாமல் ஏற்று இன்றுவரை தினமும் காலையில் தோள் பயிற்சி செய்கிறீர்கள். அவ்வளவு நல்ல மனதுள்ள நீங்கள் இதையும் நம்ப வேண்டும். இந்தக் கோணல் வண்டி செய்யப்பட்ட இடத்திலேயே வந்தது. நான் அளந்தால் அளந்ததுதான்.

இருவரும் நீடூழி வாழ்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மெக்கானிக் இன்றே வந்துவிட்டார். போர்வையை விலக்கிப் பார்த்து, "என்னங்க இது, சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாக்குது" என்றார். தன் இரும்பு டேப்பால் அளந்தார். முன்னால் முப்பதரை, பின்னால் இருபத்தொன்பதரை. என் டேப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் படித்தது யார் என்று கேட்டார். கிழிந்த அங்குலத்தைக் கழித்தாயா என்று உங்கள் மாமியாரைக் கேட்டேன். "கழிக்கணும்னு நீங்க என்னைக்குங்க சொன்னீங்க?" என்றாள். யோசித்தேன். இத்தனை வருடத்தில் சொன்னதே இல்லை. மெக்கானிக் கம்பியைப் பழையபடி திருகி, இடது டயரில் காற்றடித்தார். கால் மணி நேரம்தான், வண்டி நூல் பிடித்த மாதிரி போகிறது. அவர் போன பிறகு உங்கள் மாமியார் மெதுவாகக் கேட்டாள், "அந்தக் கோட்டுக்கு அளவெடுக்கும்போது கடைக்கு யாரோ வந்துட்டாங்கன்னு நீங்க எழுந்து போனீங்க. வலது கையை நான்தானே அளந்து சொன்னேன்?" ஆமாம், அவள்தான். மாப்பிள்ளை, எனக்கு வெட்கமாக இருக்கிறது, மன்னித்துவிடுங்கள். கடிதத்தை மகளிடமும் காட்டலாம். உங்கள் தோளில் ஒரு கோணலும் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. நாளைக் காலையிலிருந்து பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.