கோபத்தால் இயங்கும் வாகனம்

வாகனம் என்றால் ஒன்று கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் கிளம்பாமல் இருக்க வேண்டும். இது அரசாங்கத்தின் உறுதியான கொள்கை. கணக்கு டீச்சர் வீட்டு வேன் இந்தக் கொள்கையை மதிக்கவில்லை. ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் உறுமிக்கொண்டு கிளம்பும். மறுநாள் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி.

கட்டிலும் அடுப்பும் வைத்த பழைய வேன் அது. வேனில் குடித்தனம் நடத்துவதுதான் நாகரிகம் என்று ஊரே அலைந்தபோது டீச்சரின் கணவர் வாங்கிப்போட்டார். முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் போன தூரம் வேன் போகவில்லை.

இப்போதுதான் அதற்கு வேலை வந்தது. வெளியூரில் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. அவள் இருப்பதோ ஒற்றை அறை வீடு. வேனை வாசலில் நிறுத்தி, அதில் தங்கி, பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது டீச்சரின் திட்டம். ஆனால் பழைய வண்டி ஓட வேண்டுமென்றால் தகுதிச் சான்றிதழ் வேண்டும்; கிடைக்காவிட்டால் வேனை உடைக்க இழுத்துப் போய்விடுவார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டால், அவர் தலையைக் கண்டதும் வேன் நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும்.

வாகன ஆய்வு அலுவலகத்தில் கணவர் சாவியைத் திருப்பினார். டிக்.

“கிளம்பாது” என்றார் ஆய்வாளர்.

“சில சமயம் கிளம்பும் சார்” என்றார் டீச்சர்.

“சில சமயம்ங்கிற வார்த்தையே விதியில கிடையாதும்மா.”

டீச்சருக்குக் கோபம் பொங்கியது. கணவர் பக்கம் திரும்பினார்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஒயரையெல்லாம் பாருங்கன்னு. காதுல வாங்கினாத்தானே?”

பக்கக் கதவை இழுத்து ஓங்கி அறைந்தார். கணவர் பயத்தில் சாவியைத் திருப்ப, வேன் கிளம்பிவிட்டது.

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எப்படிக் கிளம்புச்சு?”

“இவ கோபப்பட்டா கிளம்பும் சார்” என்று கணவர் உண்மையைச் சொன்னார்.

நிறுத்தச் சொல்லி மறுபடி சோதித்தார்கள். டீச்சர் சாந்தமாக நின்றார்; டிக். கதவை அறைந்தார், கிளம்பியது. ஆய்வாளர் முகம் மலர்ந்தது. காரணத்தோடு கிளம்பும் வண்டிக்கு விதியில் இடம் இருந்தது. சான்றிதழ் வாசகத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“மேற்படி வாகனம் மனைவியின் கோபத்தால் இயங்கும் வகையைச் சேர்ந்தது. மேற்படி கோபம் எக்காலத்தும் நல்ல நிலையில் பராமரிக்கப்பட வேண்டும்.”

“வழியில நான் சிரிச்சுட்டா?”

“சிரிக்கலாம். வண்டி நின்னிருக்கும்போது மட்டும்.”

முத்திரை மறுநாள்தான் கிடைக்கும் என்றார். வீட்டுக்கு வந்ததும் டீச்சர் மெக்கானிக்கை வரவழைத்து, கதவை அறைந்தால் கிளம்புகிற விஷயத்தைச் சொன்னார். அவர் கதவுப் படிக்குக் கீழே கையை விட்டார். பேட்டரியிலிருந்து வரும் எர்த் ஒயர் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. கதவு அதிரும்போதெல்லாம் அது வண்டியின் இரும்பில் போய் ஒட்டி, கரண்ட் வந்திருக்கிறது. சுரண்டி, போல்ட்டை முறுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் முத்திரைக்கு முன் ஒரு சோதனை. வேன் சாவியைத் தொட்டதுமே கிளம்பியது. ஆய்வாளர் முகம் சுருங்கிப்போயிற்று.

“அம்மா இன்னும் கோபப்படவே இல்லையே?”

“ரிப்பேர் பண்ணிட்டோம் சார்” என்றார் கணவர் பெருமையாக.

“யாரைக் கேட்டுப் பண்ணீங்க? சான்றிதழ்ல இருக்கிற வண்டி இது இல்லையே. இதை உடைக்கத்தான் அனுப்பணும்.”

அந்த நேரம் பார்த்து மருமகன் போனில் வந்தார். “அத்தை, வலி எடுத்துடுச்சு. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா.” டீச்சரின் கண் கலங்கிவிட்டது. ஆய்வாளரும் பெண்ணைப் பெற்றவர்தான், இளகினார்.

“சரி, கடைசியா ஒரு தடவை. முதல்ல நீங்க கோபப்படுங்க. அப்புறம் அவர் கிளப்பட்டும்.”

“வண்டிதான் நல்லா ஓடுதே. நான் எதுக்குக் கோபப்படணும்?”

“இந்த ஆபீசுக்கு வந்திருக்கீங்களே, அது போதாதாம்மா?”

போதும் என்று பட்டது. டீச்சர் கதவை அறைந்த அறையில் அலுவலக ஜன்னல்கள் அதிர்ந்தன. வேன் கிளம்பியது. நிறுத்திவிட்டு இறங்கி, முத்திரையை இரு கையால் வாங்கிக்கொண்டு வந்து, கணவர் மறுபடி சாவியைத் திருப்பினார்.

டிக்.

அறைந்த அறையில் மெக்கானிக் முறுக்கிய போல்ட் கழன்றுவிட்டிருந்தது. ஆய்வாளர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

“இப்பத்தான் வண்டியும் சான்றிதழும் ஒத்துப்போகுது.”

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தபடி கதவில் கை வைத்தார். மகள் வீடு வரைக்கும் தேவையான கோபம் அவரிடம் இருந்தது.