ரிட்டர்ன் ஆகாத மட்டை

உடற்பயிற்சியிலிருந்து தப்பிக்க உலகத்திலேயே சிறந்த வழி ஐஸ் ஹாக்கி. இதை நான் ஆராய்ந்து கண்டுபிடித்தேன்.

சென்ற வசந்த காலத்தில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னிடம் பேசிப் பயனில்லை என்பது எப்படியோ அவருக்குப் புரிந்து, என் மனைவி பவளத்தைப் பார்த்துச் சொன்னார்: "இவர் உடம்பை அசைத்தே ஆக வேண்டும்."

காரில் ஏறியதுமே பவளம் ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல கோயில் ஹால்ல யோகா நடக்குது. என்கூட வாங்க."

யோகாவுக்கு என்ன வேண்டும்? ஒரு பாய். ஒரு பாயைத் தேர்ந்தெடுப்பதை எவ்வளவு காலம் இழுத்தடிக்க முடியும்? நடைப்பயிற்சிக்கு ஒரு ஜோடி ஷூ. அந்த வழியை ஏற்கெனவே பயன்படுத்தித் தீர்த்துவிட்டேன். எந்த ஷூ சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தே ஒரு கோடைகாலம் முழுவதையும் நடக்காமல் கழித்தவன் நான். எனக்குத் தேவை, தொடங்குவதற்கு முன் நிறையப் படிக்க வேண்டிய ஒரு விளையாட்டு.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் எதிர்வீட்டு இளமாறன் ஞாயிறுதோறும் ஓர் ஆள் நுழையக்கூடிய பையைச் சுமந்துகொண்டு ஐஸ் ஹாக்கி ஆடப் போவான். மதுரைக்காரன். அமெரிக்கா வரும்வரை அவன் பார்த்த ஐஸ் எல்லாம் ஜிகர்தண்டாவில் போட்டதுதான். அந்தப் பையின் அளவு நினைவுக்கு வந்ததும் எனக்கு வழி பிறந்தது.

"யோகா வேண்டாம் பவளம். நான் ஐஸ் ஹாக்கி ஆடப்போறேன்."

அவள் கார் ரேடியோவை அணைத்தாள்.

"எது? அந்தப் பல்லு போற விளையாட்டா?"

"அது தொழில்முறை ஆட்டக்காரங்களுக்கு. பொழுதுபோக்கா ஆடுறவங்களுக்குப் பல்லு போகாது."

"சரி. எப்ப ஆரம்பிப்பீங்க?"

"மட்டையும் ஸ்கேட்ஸும் சரியா அமைஞ்சதும்."

அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது இரண்டு வருட ஓய்வு இருந்தது.

ஹாக்கி மட்டை என்றால் ஒரு நீளமான கட்டை என்று நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். வெறுங்காலுடன் நின்றால் அது மூக்கு வரை வர வேண்டும். ஸ்கேட்ஸ் போட்டு நின்றால் தாடை வரை. மட்டை எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதற்கு ஃப்ளெக்ஸ் என்று ஓர் எண் உண்டு. ஆடுகிறவரின் எடை எத்தனை பவுண்டோ, ஏறக்குறைய அதில் பாதி. மட்டையின் கீழ்நுனியில் இருக்கும் அடிப்பலகையின் வளைவு தனி சாஸ்திரம். இதை எல்லாம் முடித்தால் ஸ்கேட்ஸ் இருக்கிறது. வழக்கமாகப் போடும் ஷூவைவிட ஓர் அளவாவது சிறியதாக இருக்க வேண்டும். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மட்டும் எந்த நிலையிலும் அசையவே கூடாது. கீழே இருக்கும் இரும்புப் பிளேடில் சாணை பிடிக்கும்போது நீளவாக்கில் ஒரு பள்ளம் விழும்; அது ஆழமாக இருக்கலாமா, மேலோட்டமாக இருக்கலாமா என்பது பற்றி மனிதர்கள் இணையத்தில் சொந்தப் பெயரிலேயே சண்டை போடுகிறார்கள். எல்லாச் சண்டைகளையும் படித்தேன்.

ரூட் பதினெட்டு நெடுஞ்சாலையில் இருக்கும் ஹாக்கி கடைக்கு முதல் தடவை பவளத்தை அழைத்துப்போனது தவறு. கடைக்காரர் என் எடையைக் கேட்டார். ஓர் எண்ணைச் சொன்னேன்.

"அது கல்யாணத்தன்னிக்கு," என்றாள் பவளம் தமிழில். பிறகு அவரிடம் ஆங்கிலத்தில் வேறோர் எண்ணைச் சொன்னாள். அவர் கையிலிருந்த மட்டையை மாட்டிவிட்டு, வரிசையின் கோடியில் இருந்த முரட்டு மட்டை ஒன்றை எடுத்து வந்தார்.

அடுத்த கேள்வி: இடது பக்க மட்டையா, வலது பக்க மட்டையா? நான் விழித்தேன். அவர் உதவிக்கு வந்தார்.

"சுலபம். வீட்டில் துடைப்பத்தை எப்படிப் பிடிப்பீர்கள்? எந்தக் கை மேலே இருக்கும்?"

பவளத்தைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதீங்க. நானும் பாத்ததில்ல."

வீட்டுக்கு வந்ததும் நீளக் காம்பு வைத்த துடைப்பத்தை என் கையில் கொடுத்தாள். "ஆராய்ச்சிதானே? கராஜ்ல இருந்து ஆரம்பிங்க." கராஜ், படிக்கட்டு, பின்பக்க மர டெக் எல்லாவற்றையும் பெருக்கி முடித்ததும் எனக்கு வலக்கை மேலே நிற்கிறது என்பது தெரிந்தது. ஆகவே இடது பக்க மட்டை. "எதுக்கும் நாளைக்கும் ஒருதடவை பாத்து உறுதி பண்ணிக்குங்க," என்றாள். நான் அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்தக் கடையில் அருமையான விதி ஒன்று உண்டு. கறைபடாமல், சாணை பிடிக்காமல், ஐஸில் இறங்காமல் இருந்தால் வாங்கியதை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நான் வாங்குவேன். வரவேற்பறைக் கம்பளத்தில் மாட்டிக்கொண்டு நிற்பேன். முழங்காலை மடக்குவேன். குறை கண்டுபிடிப்பேன். கெடு முடியும் நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குவேன். ரிட்டர்ன் கவுன்ட்டரில் இருந்த டெனிஸ் என்ற அம்மாள் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கேட்பாள்: "மிஸ்டர் சேனாபதி, இந்தத் தடவை குதிகாலா, விரலா?"

ஞாயிறு காலைகளில் இளமாறன் வாசலில் நின்று குரல் கொடுப்பான்.

"அண்ணே, இன்னைக்காவது வர்றீங்களா?"

"குதிகால் சரியா உக்காரல மாறா."

"நானே யாரோ போட்டுத் தேஞ்ச ஸ்கேட்ஸ்லதாண்ணே ஆடுறேன்."

"அதான் உனக்கு பேக்ஹேண்ட் சரியா விழ மாட்டேங்குது."

அவன் பேக்ஹேண்ட் அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவான். நான் இன்னொரு காபி குடிப்பேன்.

இப்படியே கோடை போயிற்று. மரங்கள் சிவந்தன. பவளம் ஒன்றும் சொல்லவில்லை. பவளம் ஒன்றும் சொல்லாத பருவம்தான் அபாயமானது. இருபது வருடத் தாம்பத்தியத்தில் இதைக்கூடக் கற்காதவன், பள்ளத்தின் ஆழத்தைப் படித்து என்ன பயன்?

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"இப்ப வாங்கி வெச்சிருக்கிறதுல என்னங்க குறை?"

"ஃப்ளெக்ஸ் சரி, வளைவு சரி. ஸ்கேட்ஸும் பரவால்ல. ஆனா மனசுக்கு ஒட்டல."

"யாரு மனசுக்கு? மட்டைக்கா, உங்களுக்கா?"

"சனிக்கிழமையோட கெடு முடியுது. குடுத்துட்டு வேற பாக்கணும்."

"அப்ப சனிக்கிழமை குடுத்துடுங்க," என்று சாந்தமாகச் சொல்லி ரசம் ஊற்றினாள். ரசம் அன்று பிரமாதம். அதையும் நான் கவனிக்கத் தவறினேன்.

சனிக்கிழமை காலை கராஜுக்குப் போனேன். பெட்டி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து சந்தன வாசனை வந்தது.

சாமி அலமாரிக்கு முன்னால் என் லேப்டாப், கார் சாவி, மிக்ஸி, பவளத்தின் தையல் மெஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நடுவில், சுவரில் சாய்ந்தபடி, என் மட்டை. அடிப்பலகையில் மூன்று பட்டை விபூதி, அதன்மேல் குழைத்த சந்தனம், ரூபாய் அகலக் குங்குமம். கீழே ஸ்கேட்ஸ் இரண்டும் மூக்கில் சந்தனம் அப்பிக்கொண்டு, நாடாவோடு சேர்த்துக் கட்டிய கதம்பத்துடன் மணமக்கள் மாதிரி இருந்தன. பக்கத்தில் பொரிகடலை.

"பவளம்! என்ன இது?"

"ஆயுத பூஜை."

"அது புதன்கிழமையே முடிஞ்சிருச்சே! பஞ்சாங்கத்துல..."

"போன பொங்கலை நாம என்னைக்கு வெச்சோம்?"

நான் லேப்டாப்பில் இருந்த பொட்டைப் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமை வந்துச்சு. 'ஆபீஸ்ல மீட்டிங் இருக்கு, சூரியன் சனிக்கிழமையும் இருப்பான்'னு சொன்னது யாரு?"

நான்தான். அமெரிக்காவில் எங்கள் தெய்வங்கள் எல்லாம் வார இறுதிக்குக் காத்திருக்கப் பழகிவிட்டன. பழக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. பேச்சை மாற்றலாம் என்று குனிந்தேன். பிளேடில் என் முகம் தெரிந்தது.

"இது ஏன் இப்படிப் பளபளங்குது?"

"நேத்து சாணை புடிச்சுட்டு வந்தேன். மழுங்கின ஆயுதத்தையா சாமி முன்னாடி வைப்பாங்க?"

அப்படி ஒரு விதி எந்த நூலில் இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். இல்லை என்று காட்ட என்னிடமும் நூல் இல்லை. மூடிக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"பள்ளம் எவ்வளவு ஆழம் போடச் சொன்னே?"

"சாணை புடிக்கிறவனும் கேட்டான். எல்லாருக்கும் எது போடுவியோ அதையே போடுன்னேன். ஒரு காபி குடிக்கிற நேரம்தான்."

ஒரு கோடைகாலத்துப் படிப்பு ஒரு காபியில் கரைந்தது. கறை, சாணை இரண்டும் ஆயிற்று. குதிகாலையும் விரலையும் ஏற்றுக்கொண்ட டெனிஸ் குங்குமத்தை ஏற்றுக்கொள்ள மாட்டாள். இருந்தும் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

"ரொம்ப நல்லது. பூஜைல வெச்ச பொருளைத் தொடக் கூடாது. நான் ஆசாரத்தை மீற மாட்டேன்."

"ஆமா, இன்னைக்குத் தொடக் கூடாது. கடைக்கும் தூக்கிட்டுப் போகக் கூடாது."

"நாளைக்கு?"

"நாளைக்கு விஜயதசமி."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் மகள் மானஸா சிறு வயதில் வயலின் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, விரல் விரலாகப் பிரித்து அழைத்துச் சென்றவன் நான். 'விஜயதசமியன்னைக்கு ஆரம்பிச்சாத்தான் வித்தை வரும்' என்று போகும் வழியெல்லாம் சொற்பொழிவு வேறு. வண்டியை ஓட்டியவள் பவளம். எதையும் மறப்பவள் இல்லை.

வாசல் மணி அடித்தது. இளமாறன் சுண்டலுக்கு வந்திருந்தான். கையில் ஹெல்மெட்டும், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பழைய கவசங்களும்.

"அண்ணே, இதெல்லாம் உங்களுக்கு. நாளைக்குக் காலைல புதுசா சேர்றவங்களுக்கு கிளாஸ். அக்கா போன வாரமே உங்க பேரைக் குடுத்துட்டாங்க."

"போன வாரமா?"

பவளம் அவனுக்குச் சுண்டல் எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க நல்லா ஆடணும்னு எனக்கு ஆசையெல்லாம் இல்லீங்க. வேர்க்கணும். அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஐஸ் அரங்கத்துக்குப் போனோம். அங்கே வந்திருந்தவர்களின் மட்டைகளைப் பார்த்தேன். ஒன்று டேப்பால் ஒட்டியது. ஒன்று ஆளைவிட உயரம். எவருடைய ஃப்ளெக்ஸும் எவருடைய எடைக்கும் பொருந்தவில்லை. அவர்கள் எல்லாரும் வழுக்கிக்கொண்டு போனார்கள், வந்தார்கள்.

நான் ஐஸில் கால் வைத்தேன். குதிகால் அசையவில்லை. விரல் நுனி தொட்டும் தொடாமலும் இருந்தது. முழங்காலை மடக்கினேன், விலகியது. மட்டை சரியாகத் தாடைக்கு வந்தது. எல்லாம் நான் படித்தபடியே இருந்தது.

பிறகு விழுந்தேன்.

எழுந்து, மறுபடி விழுந்து, ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹெல்மெட்டுக்குள் வேர்த்து ஊற்றியது. அடிப்பலகைக் குங்குமம் கரைந்து ஐஸில் ஒரு சிவப்புக் கோடு விட்டிருந்தது. யாரோ ஓடிவந்து, பல் போய்விட்டதா என்று கேட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் பவளம் ஃபிளாஸ்க்குடன் நின்றாள். சின்னக் குழந்தைகள் பிடித்துத் தள்ளிக்கொண்டு பழகும் பிளாஸ்டிக் பெங்குவின் ஒன்றை எங்கிருந்தோ கேட்டு வாங்கிவந்து, சுவர்க் கதவு வழியாக மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

"உயரம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க. மனசுக்கு ஒட்டலைன்னா ரிட்டர்ன் பண்ணிடலாம்."