மாமாவின் துவக்குக்குப் புளி போட்ட கதை

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்து, அந்தப் பெருமையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். சாதாரண மடையனுக்குத் தனக்கு வேலை தெரியாது என்பதாவது தெரியும். சும்மா இருந்துவிடுவான். நான் பாதி தெரிந்த மடையன். கையில் உளியும் மனதில் உற்சாகமும் உள்ளவன். வன்னிக் காட்டில் கரடிக்கு அடுத்தபடியாகப் பயப்பட வேண்டியது இந்த வகைக்குத்தான்.

ஐம்பதுகளின் கடைசி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வயல் வேலை இல்லாத நாட்களில் நான் மரவேலை செய்வேன். (நான் செய்த கதிரையிலிருந்து விழுந்தவர்கள் யாரும் பெரிதாகக் காயப்பட்டதில்லை.) துணுக்காயில் சின்னத்தம்பியரின் மகள் ஈசுவரியை எனக்குப் பேசியிருந்தார்கள். பேச்சு முக்கால்வாசி முடிந்துவிட்டது. மிச்சம் சின்னத்தம்பியர் தலையாட்ட வேண்டியதுதான். அவரோ எதற்கும் அவசரப்பட்டுத் தலையாட்டாத மனிதர். நானோ ஈசுவரியை ஒரேயொரு தடவை கோயிலில் கண்டுவிட்டு, அதன் பிறகு ஒழுங்காகச் சாப்பிடாமல் இருந்தேன்.

சின்னத்தம்பியருக்கு நெல்லைவிட, மாட்டைவிட, (மாமியின் வாக்குமூலப்படி) மாமியைவிடப் பிரியம் பழைய இரட்டைக்குழல் வேட்டைத் துவக்குகளில். கப்பலேறப் போகும் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் சாமான்களை ஏலம் விட்டால் அங்கே நிற்பார். துருப்பிடித்து, விசைவில் உடைந்து கிடப்பதைக் கொண்டுவந்து மாதக்கணக்காக இருந்து பழுது பார்ப்பார். பிறகு குளத்துத் தாரா வாத்துக்கு ஒரு வெடி வைத்துப் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் பூட்டிவிடுவார். அந்த அலுமாரிக்குக் கிட்ட மாமிகூடப் போவதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாக்கில் சுற்றிய துவக்கொன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, இதின்ரை பிடிக்கட்டை வெடிச்சுப் போச்சு. நீர் மரவேலை செய்வீராமே. ஒட்டித் தாரும்."

"விட்டிட்டுப் போங்கோ மாமா. புதுசாக்கித் தாறன்."

"புதுசாக்க வேண்டாம். ஒட்டினால் போதும்."

அடுத்த வெள்ளிக்கிழமை விடிய அதே துவக்கோடு எங்கள் குளத்துக்குத் தாரா வேட்டைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இது துவக்குக்கல்ல, எனக்கு வைக்கிற சோதனை என்பது எனக்கு விளங்கியது. அது மட்டும்தான் விளங்கியது.

கட்டையை நன்றாகவே ஒட்டினேன். முதிரைச் சிராய் வைத்து, வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றி, வெடிப்பு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாதபடி செய்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் கட்டை பளபளத்ததும் குழல் கண்ணை உறுத்தியது. மண்ணிறமாக, மலைப்பாம்புத் தோல் மாதிரி சுழி சுழியாக ஏதோ அதன்மேல் படர்ந்திருந்தது. எங்கள் வயல் மண்வெட்டிகளில் அப்படி எத்தனை பார்த்திருக்கிறேன். துருதான் என்று தீர்மானித்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா முற்றத்தில் இருந்தபடி, சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று குத்துவிளக்கையும் செம்புகளையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். விளக்கு தங்கம் மாதிரி மினுங்கியது. நான் அம்மாவிடம் ஒரு உருண்டை புளி வாங்கினேன். புளிக்குப் பிறகு மரம் தேய்க்கிற மண் கடதாசி. கடதாசிக்குப் பிறகு சாம்பல். பின்னேரம் குழல் இரண்டும் கடையில் தொங்கும் புது வாளி போல வெள்ளை வெளேரென்று இருந்தன. அதில் என் முகம் தெரிந்தது. (ஒரு மடையனின் முகம் அவ்வளவு துலக்கமாகத் தெரிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.)

புதன்கிழமை ஈசுவரியின் அண்ணன் தருமலிங்கம் வந்தான். லொறி ஓட்டுகிறவன். இறங்காமலே கத்திச் சொன்னான்.

"மச்சான், எங்கடை அப்பு ஒரு கதை சொல்லிவிட்டவர். கட்டை எப்பிடிப் போனாலும் பரவாயில்லையாம். குழலிலை இருக்கிற சுழிப்பூவுக்குத்தான் உந்தத் துவக்கை வாங்கினவராம். இரும்பையும் உருக்கையும் சேர்த்து முறுக்கிச் செய்யிற பூவாம். இப்ப சீமையிலையும் உப்பிடிச் செய்யிறதில்லையாம். குழலிலை கை வைக்க வேண்டாமாம்."

"ஓம் மச்சான்," என்றேன். அது என் குரல் இல்லை.

"ஏன், வேர்க்குது உனக்கு?"

"வெய்யில்."

"நிழலிலை நிக்கிறாய்."

லொறி போனதும் இரண்டு தடவை பற்றைப் பக்கம் போய் வந்தேன். துணுக்காயில் தூரத்துச் சொந்தத்தில் ஈசுவரிக்கு இன்னொரு மாப்பிள்ளையும் பார்த்திருந்தது எனக்குத் தெரியும். அவன் கிளாக்கர். கிளாக்கர்மார் எதையும் தேய்ப்பதில்லை.

கடைசியில் தங்கச்சி ராசமணியிடம் போய் நின்றேன். கோலம் போடுவதில் அவளை மிஞ்ச எங்கள் குடியேற்றத்தில் ஆளில்லை.

"துவக்குக்குக் கோலமோ அண்ணை?"

"சத்தம் போடாதை. மலைப்பாம்புத் தோல் மாதிரி வேணும்."

காவிக்கல்லை உரைத்து, அடுப்புக்கரி கொஞ்சம் சேர்த்தேன். குழைக்க என்ன ஊற்றுவது? துவக்குக்கு எப்படியும் எண்ணெய் பூசுவார்கள்தானே என்று தேங்காயெண்ணெயை ஊற்றினேன். (தேங்காயெண்ணெய் யுகம் கழிந்தாலும் காயாது என்பதை நான் அந்த வாரம் கற்றுக்கொள்ள இருந்தேன்.) ராசமணி கோழியிறகைக் கத்தரித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு சுழி சுழியாக இழுத்தாள். அழகாகத்தான் வந்தது. ஓரிடத்தில் கை தவறிப் பிசகியதை மறைக்க அவள் ஒரு தாமரை வைத்துவிட்டாள்.

"உது ஏனடி?"

"பிழைச்ச இடத்திலை தாமரை வைக்கிறதுதான் வழக்கம்."

வெள்ளிக்கிழமை விடியப்புறம் மாமாவும் தருமலிங்கமும் வந்தார்கள். குளக்கட்டு வரைக்கும் துவக்கை நானே சுமந்தேன்.

"தாரும் தம்பி, பாப்பம்."

"பாரம் மாமா. நான் கொண்டு வாறன்."

"என்ரை துவக்கு எனக்குப் பாரமோ?"

"பனி பிடிச்சுப் போடும். சாக்கிலை இருக்கட்டும்."

சூரியன் அன்று எழும்பாமல் இருக்கட்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தேன். பிள்ளையார் பாதி கேட்டார். தாராக் கூட்டம் அரையிருட்டிலேயே நாணல் ஓரம் வந்து இறங்கியது. மாமா அவசரத்தில் சாக்கை உருவித் துவக்கை எடுத்து, தோட்டாப் போட்டு, இடது கையால் குழலை இறுக்கிப் பிடித்தார். முதல் வெடி. ஒரு தாரா விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. கூட்டம் எழும்பியதும் அவர் துவக்கைத் தூக்கினார். கை எண்ணெயில் வழுக்கியது. குழல் ஒரு பக்கம் போக, இரண்டாவது வெடி வானத்துக்குப் போய், எங்கள் தலைக்கு மேலிருந்த மருதங்கொப்பு ஒன்று தருமலிங்கத்தின் முதுகில் விழுந்தது.

கருமருந்துப் புகை மெல்ல விலகியது. சூரியனும் வந்துவிட்டது. மாமா தன் இடது உள்ளங்கையைப் பார்த்தார். அதில் சுழிகளும், நடுவில் ஒரு தாமரையும் பதிந்திருந்தன. பிறகு துவக்கைப் பார்த்தார். பிடித்திருந்த இடத்தில் குழல் பளீரென்று மின்னியது. பிறகு என்னைப் பார்த்தார்.

"புளியோ?"

"ஓம் மாமா."

"சாம்பலும்?"

"கொஞ்சம்."

தருமலிங்கம் முதுகைத் தடவியபடி நிலத்தில் இருந்து சிரித்தான். சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. அவன் அன்று தொடங்கியதை எங்கள் குடும்பம் இன்னும் முடிக்கவில்லை. இன்றைக்கும் நான் குசினிக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் புளிப்பானையைத் தூக்கி ஒளிப்பார். பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ஆனால் அன்று குளக்கட்டில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா விழுந்த தாராவை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் ஓடினேன். கிளாக்கரின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

"மாமா, அப்ப... கலியாணம்?"

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அவளையெண்டாலும் தேய்க்காமல் வைச்சிரும்."