தெரியாத வாத்தியார்

கொல்லிமலை முழுக்கச் சலித்தாலும், எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றுமே தெரியாதது போல விழிக்க அவரைப் போல இன்னொருவர் கிடைக்க மாட்டார். யுத்த காலத்தில் மலையின் ஊர்ப்பிரிவுகளில் ஒன்றான பெரக்கரை நாட்டில் ஒரு கூரைப் பள்ளிக்கூடம். அவர் தலைமை வாத்தியார், நான் உதவி வாத்தியார். ஊர் அவருக்கு வைத்த பெயர் தெரியாத வாத்தியார்.

அவர் வகுப்பில் எந்த வேலையானாலும் பிள்ளைகள் ஜோடி சேர்ந்துதான் விளக்க வேண்டும். ஒருவர் சொல்பவர். மற்றவர் ஒன்றும் தெரியாதவர். சொன்னதை மட்டும் செய்வார். சொல்லாததைச் செய்துவிட்டால் தலைமை வாத்தியாருக்குக் கெட்ட கோபம் வரும்.

பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அடுப்பு மூட்டி, களி கிண்டுவதை ஒரு பையன் விளக்கினான். "பானையை அடுப்புல வை. மாவைக் கொட்டு. கிண்டு." தண்ணீரை மறந்துவிட்டான். ஜோடிக்காரன் வெறும் மாவைக் கிண்டினான். புகையில் இருமிக்கொண்டு எல்லோரும் வெளியே ஓடினோம். உள்ளேயிருந்து தலைமை வாத்தியார் குரல் மட்டும் வந்தது: "அப்புறம் என்ன பண்ணோணும் கண்ணு?"

இந்த வியாதி வீடு வரைக்கும் பரவியது. ஒரு பையனின் அப்பா வந்து நின்றார். "ஏனுங்க, மாட்டை அவுருடான்னேன். அவுத்துட்டு நிக்கறான். அது சாமைக் காட்டுல மேயுது. கேட்டா, புடிக்கச் சொல்லலீங்களேங்கறான்."

இந்த லட்சணத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்தே மலையேறி, கோட்டெல்லாம் நனைந்து வந்தார். அவர் மோசமாக எழுதினால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். மழை எப்படி வருகிறது என்று பொன்னி என்ற சிறுமியைக் கேட்டார். பழக்க தோஷம், அவள் அவரையே ஜோடி சேர்த்துக்கொண்டாள்.

"நீங்கதான் மேகம். கீழ இருந்து பெஞ்சு மேல ஏறுங்க."

"மேகம் மேலேதானே அம்மா இருக்கும்?"

"இல்லீங்க. எங்களுக்குக் கீழ இருந்துதான் ஏறி வரும். நீங்க அதுக்குள்ள நடந்துதானே நனைஞ்சீங்க?"

மனிதர் தன் கோட்டைப் பார்த்தார். பெஞ்சில் ஏறினார். கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினார். அத்தோடு பொன்னிக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

எடுத்துக் கொடுக்க நான் வாயைத் திறந்தேன். தலைமை வாத்தியார் என் காலை மிதித்தார். இன்ஸ்பெக்டர் தூக்கிய கையோடு நிற்கிறார்.

"மேலே ரொம்பக் குளிருதே அம்மா," என்றார் இன்ஸ்பெக்டர் கடைசியில்.

பொன்னியின் முகம் மலர்ந்தது. "குளுந்தா கொட்டோணுங்க. கொட்டிட்டு எறங்குங்க."

இறங்கினார். பள்ளிக்கூடம் நடக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் தலைமை வாத்தியாரை ஒரு பிடி பிடித்தேன். "ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தா என்னங்க? பள்ளிக்கூடமே போயிருக்குமே."

"அவளே சொல்லட்டும்னு இருந்தேனுங்க. பதில் வருமா வராதான்னு எனக்கும் தெரியலீங்க."

தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார். பாதி சட்டையில் கொட்டியது. என்னைவிட அவர்தான் அதிகம் பயந்திருக்கிறார். பயந்துகொண்டே ஒரு சிறு பெண்ணுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றைக்கு அவரைப் பிடித்துப்போனதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேரோடு வேலை பார்த்தேன், யாரையும் அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை.