வாய் மூடாத பர்ஸ்

சாப்பாட்டு மேசையின் மேல் இரண்டு பர்ஸுகள் தனித்தனித் துண்டுகளாகக் கிடந்தன. அவற்றுள் எவை மாமனாருடையவை, எவை தாம் வெட்டியவை என்பது கணித ஆசிரியருக்கு விளங்கவில்லை.

சற்று முன்புவரை நன்றாக விளங்கியிருந்தது. தோல் துண்டுகளின் மேல் 'பழையது' என்றும் 'புதியது' என்றும் எழுதிய சீட்டுகளை வைத்திருந்தார். அப்போதுதான் மனைவி கதவைத் திறந்தார். ஆசிரியர் எழுந்து, மேசையைத் தம் உடம்பால் மறைத்துக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"விடைத்தாள் திருத்தறேன். உள்ளே வராதே."

"திருத்துங்க, வேண்டாங்கலே. ஃபேனைப் போட்டுக்கிட்டுத் திருத்துங்க."

கதவோரத்து சுவிட்சைத் தட்டிவிட்டு மனைவி போய்விட்டார். மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. சீட்டுகள் எழுந்து பறந்து, அலமாரிக்குப் பின்னால் அடைக்கலம் புகுந்தன.

நிறத்தை வைத்தேனும் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே நிறமாக இருப்பதுதானே அழகு என்று கருதி, எல்லாத் துண்டுகளுக்கும் அப்போதுதான் பழுப்பு ஷூ பாலிஷ் பூசித் தேய்த்து முடித்திருந்தார். தையல் துளைகளைப் பார்த்தேனும் அறிந்திருக்கலாம். ஆனால் பழைய துண்டைப் புதிய தோலின் மேல் வைத்து, அதன் துளைகள் வழியாகவே குத்தூசியை இறக்கியிருந்தார். அளவில் அவர் என்றுமே தவறியதில்லை. இன்று அதுவே வினையாயிற்று.

அந்தப் பழைய பர்ஸ் சாதாரணமானதன்று. மனைவி பள்ளியில் படித்த காலத்தில், கைவேலை வகுப்பில் தம் கையாலேயே வெட்டித் தைத்து, பழைய சீருடைப் பாவாடையின் நீலக் கட்டத் துணியை உள்ளே வைத்து, தந்தையாருக்குக் கொடுத்தது. மாமனார் அன்றிலிருந்து வேறு பர்ஸைத் தொட்டதில்லை. அதை எண்ணி மனைவிக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

ஆனால் மாமனாருக்கு வரவர மறதி மிகுந்துவிட்டது. இம்முறை மகளைப் பார்க்க வந்து இறங்கிய அன்றே பர்ஸைப் பேருந்து இருக்கையில் விட்டுவிட்டார். ஆசிரியர்தான் பேருந்தின் பின்னாலேயே ஓடி மீட்டு வந்தார். பிறகு பழக்கடைத் தராசுக்கு அடியில் விட்டார். அதையும் ஆசிரியரே கண்டெடுத்தார். இன்று காலை, எடைக்குப் போட வைத்திருந்த பழைய செய்தித்தாள் கட்டுக்குள் அது செருகிக் கிடந்தது. உள்ளே ஒரு காசுகூட இல்லை. பணம் முழுவதும் மாமனாரின் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு பர்ஸை மட்டும் ஒருவர் எப்படித் தவறவிடுவார் என்று ஆசிரியர் யோசித்துப் பார்த்தார். விடை கிடைக்கவில்லை.

அதே போன்ற பர்ஸ் ஒன்றைச் செய்து, மாமனார் புறப்படும்போது கொடுத்து நல்ல பெயர் வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தோல் வாங்கி ஒளித்து வைத்திருந்தார். மாதிரிதான் இல்லாமலிருந்தது. பர்ஸ் கையில் சிக்கியதும், பிரித்து அளவெடுத்துவிட்டு மதியத்துக்குள் தைத்து வைத்துவிடலாம் என்று தையலைப் பிரித்தார். பிரித்ததும் உட்துணி நார்நாராகக் கிழிந்து கையோடு வந்தது. இன்று மாலை மாமனாரும் மாமியாரும் ஊருக்குப் புறப்படுகிறார்கள்.

பக்கத்து அறையில் பேச்சுக் குரல் கேட்டது.

"அப்பா, பர்ஸ் எங்கேப்பா?"

"தொலைஞ்சு போச்சு போலிருக்கும்மா." மாமனாரின் குரல் விந்தையான தெளிவுடன் ஒலித்தது. "என்ன பண்றது? இருந்த வரைக்கும் நல்லா உழைச்சுது."

"போச்சா? என் கையால செஞ்சதுன்னு உங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதானேப்பா..." மனைவியின் குரல் தழுதழுத்தது.

ஆசிரியர் கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டினார். "மாமா, கவலைப்படாதீங்க. நான் தேடித் தர்றேன்!"

"ஐயையோ, வேண்டாம் மாப்பிள்ளை! நீங்க சிரமப்படவே கூடாது!"

எவ்வளவு பெரிய மனது! மாமனார் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி துணிகளை மடிக்கப் போனார். துயரத்தை மறைக்கத்தான் பாடுகிறார் என்று நினைத்த ஆசிரியருக்குக் கண் கலங்கியது.

எது எதுவென்று தெரியாத நிலையில், இரண்டு பர்ஸாகத் தைத்துவிடுவது என்று முடிவு செய்தார். உட்துணிக்கு நீலக் கட்டம் வேண்டுமே? அவருடைய சட்டைகளில் ஒன்று, துவைத்துத் துவைத்து வெளுத்த நீலக் கட்டம். அதன் பின்புறத்துக் கீழ்ப்பகுதி எப்போதும் கால்சட்டைக்குள்தானே இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று கணக்கிட்டு, ஒரு செவ்வகத்தைத் துல்லியமாக வெட்டி எடுத்துவிட்டு, சட்டையை மாட்டியிருந்த இடத்திலேயே மாட்டினார்.

மெழுகு தடவிய நூலால் முதல் பர்ஸைத் தைத்து மடித்தார். அது கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்தது. அகராதியை அதன் மேல் வைத்தார். அகராதியை எடுத்ததும் மறுபடி திறந்தது. தோலும் உட்துணியும் ஒரே நீளம். மடிக்கும்போது உள்ளே இருப்பது இடம் போதாமல் புடைத்துக்கொள்கிறது. உள்வட்டம் வெளிவட்டத்தைவிடச் சிறியது என்று நாள்தோறும் கரும்பலகையில் எழுதுகிறவர், துணியைச் சற்றுக் குறைத்து வெட்ட நினைத்தார்.

உடனே கை நின்றது. பழைய பர்ஸும் இப்படித்தானே வாயைப் பிளந்துகொண்டிருந்தது? அதைத் திருத்தினால் மனைவியின் கைவேலையைக் குறை சொன்னதாகாதா? ஆகவே இரண்டாவதையும் அதே பிழையுடன், பயபக்தியோடு தைத்தார்.

மாமியார் உள்ளே வந்தார். "என்ன மாப்பிள்ளை, செருப்பு பிஞ்சு போச்சா?" என்று கேட்டவர், மேசையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார். "இது எங்க கிடைச்சுது?"

"பழைய பேப்பர் கட்டுல அத்தை. நல்ல வேளை, நான் பார்த்தேன்."

"இதையும் நீங்கதான் பார்த்தீங்களா? உங்க கண்ணு இருக்கே மாப்பிள்ளை..."

ஆசிரியர் அடக்கத்துடன் தலை குனிந்தார். "மாமாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை."

"நான் ஏன் சொல்றேன்? மனுஷன் இன்னைக்கு ஒரு நாளாவது நிம்மதியா இருக்கட்டும். அது இல்ல மாப்பிள்ளை, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"அம்மா! வண்டி வந்துருச்சு!" என்று வாசலிலிருந்து மனைவி கூப்பிட்டார். "என்னங்க, நீங்களும் கிளம்புங்க. அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கட்டில் மேல வச்சிருக்கேன். அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும். எப்பப் பார்த்தாலும் ஆபீசர் மாதிரி உள்ளே விடாதீங்க, வெளியே விட்டுக்குங்க."

பேருந்து நிலையத்தில் ஆசிரியர் தூணோடு முதுகை ஒட்டியே நின்றார். பேருந்து புறப்பட ஆயத்தமானதும் வேறு வழியின்றி ஓர் அடி முன்னே வந்தார்.

"மாமா, உங்க பர்ஸ் கிடைச்சிடுச்சு!"

மாமனாரின் முகம் அணைந்த விளக்காயிற்று. "கிடைச்சிடுச்சா மாப்பிள்ளை..." என்றவரின் கண்ணில் நீர் திரண்டது.

"பாருங்க, அப்பா அழறாரு!" என்று மனைவி பூரித்துப் போனார். "பாலிஷ்கூடப் போட்டிருக்கீங்களா? புதுசு மாதிரியே இருக்குங்க!"

"இது மட்டுமில்ல," என்று ஆசிரியர் இரண்டாவதையும் நீட்டினார். "இது நானே செஞ்சது மாமா. அச்சு அசல் அதே மாதிரி. இதுவும் மூடாது."

மாமனார் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி உட்துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணவரின் சட்டையைப் பார்த்தார். "கொஞ்சம் திரும்புங்க."

ஆசிரியர் திரும்பவில்லை. அந்நேரம் வீசிய காற்று சட்டையின் பின்பகுதியை அவருக்காகத் திருப்பிக் காட்டியது. பின்னால் நின்றிருந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

நடத்துநர் விசில் ஊதினார். மாமனார் இரண்டு பர்ஸுகளையும் இரண்டு பைகளில் போட்டுக்கொண்டு, இருபுறமும் புடைத்த கால்சட்டையுடன் தள்ளாடி ஏறினார். மறதிக்காரரை நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் சன்னலருகே ஓடினார். மாமியார், மகளுக்குக் கேட்காதபடி தலையை வெளியே நீட்டி, அவருடைய காதருகே சொன்னார்:

"பொண்ணு மனசு நோகாம இந்த ஒண்ணைத் தொலைச்சுட்டுப் போகத்தான் மாப்பிள்ளை இவரு வருஷா வருஷம் உங்க வீட்டுக்கு வர்றதே!"