கடைசி மூலைக் குழி

ஆய்வுத் தட்டைத் தலைமாடு கால்மாடாக வைத்துவிட்டோம் என்று சிலேஷேவுக்கு உறைத்தபோது, அவனுடைய சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜாம்பியாவிலிருந்து கேப் டவுனின் இந்த மலேரியா ஆய்வகத்துக்கு வந்து எட்டு மாதம். இதுவரை அந்த மேசையில் அவனும் அவன் டப்பாவும்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை.

தட்டில் நூற்றுக்கணக்கான பொடிக் குழிகள். எல்லாவற்றிலும் மலேரியாக் கிருமியின் புரதம். குழிக்கொரு புது மூலக்கூறு. எது புரதத்தோடு ஒட்டுகிறதோ அந்தக் குழி ஒளிரும். முதல் மூலையில் மட்டும், கருவியைச் சோதிக்க, ஒட்டும் என்று ஏற்கெனவே தெரிந்த பழைய மருந்து.

காலையில் கடைசி மூலை ஜெகஜ்ஜோதியாக ஒளிர்ந்தது. "ஒட்டிடுச்சு!" என்று கத்தினான். முதல் மூலை இருண்டு கிடந்ததை அவன் பார்க்கவில்லை. ஆய்வகமே ஓடிவந்து எட்டிப் பார்த்தது.

"என்னது, மக்காச்சோளக் களியா? குடு பாப்போம்!" மதியச் சாப்பாட்டில், கூட வேலை செய்யும் ரித்வான் டப்பாவிலேயே கைவைத்தான்.

உண்மையைச் சொன்னால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். சிலேஷே அதைக் களியோடு சேர்த்து விழுங்கினான்.

"டாக்டர், இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்துடலாமா?" என்று ஆய்வகத் தலைவி புசிஸ்வாவிடம் இழுத்தான்.

"அதெல்லாம் திங்கக்கிழமை. சனிக்கிழமை எங்க வீட்டுல நெருப்பு மூட்டி இறைச்சி சுடுறோம். உனக்காகத்தான்!"

சனிக்கிழமை வயிற்றுவலி என்று தகவல் அனுப்பினான்.

"அப்போ அடுப்பை உன் வீட்டுக்கே தூக்கிட்டு வர்றோம்," என்றான் ரித்வான்.

வந்தேவிட்டார்கள், குடும்பம் குட்டிகளோடு. அவன் பெயர் தைத்த சமையல் மேலங்கி வேறு. பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலி தாண்டி வந்து, "யாருப்பா சிலேஷே?" என்று கைகுலுக்கினார்கள். இத்தனை மாதம் சத்தமே கேட்காத முற்றத்தில் அவ்வளவு சிரிப்பு. அத்தனையும் திருட்டுச் சொத்து என்று அவனுக்குப் பட்டது.

"மன்னிச்சிடுங்க," என்றான். "எதுவும் ஒட்டல. தட்டை மாத்தி வெச்சுட்டேன். ஒளிர்ந்தது பழைய மருந்து."

கொழுப்பு சொட்டி நெருப்பு சீறியது.

ரித்வான் இறைச்சியைத் திருப்பிப் போட்டான்.

"இங்க தட்டை மாத்தி வைக்கிறவனுக்குத்தான்டா விருந்து, எட்டு மாசமா ஒரு தப்பும் பண்ணாம எங்களைப் பட்டினி போட்டுட்டியே!"