ஐம்பத்திரண்டு ஞாயிறும் ஒரு வளைகிற கம்பும்

இனி ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தது ஒரு வியாழன் காலையில், வாய் நிறைய பற்பசை நுரையோடு. அதனால் சபதம் அவருக்கு மட்டும்தான் புரிந்தது.

விவகாரம் இதுதான். ஞாயிறு விடிந்தால் அவர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார். வீட்டில் மனைவியும் நாலு வயது இரட்டைப் பெண்களும். தெரு அவர்களுக்கு வைத்த பெயர் பெரிய சூறாவளி, சின்ன சூறாவளி. ஆறு நாள் பல் மருத்துவர் பக்கத்தில் நின்று ஊரார் வாயையெல்லாம் பார்த்தவளுக்கு ஏழாம் நாள் இரண்டு சூறாவளி. ஆறு நாள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு ஏழாம் நாள் ஓய்வு. இதற்குப் பெயர் நியாயமாம். யார் சொன்னது? உட்கார்ந்திருந்தவர்தான்.

“ஏங்க, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எனக்கு விடுங்களேன்.”

“விட்டா நீ எங்க போவ?”

“எங்கயாவது போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.”

“சும்மா உட்கார்றதுக்கு எதுக்கு வெளிய போகணும்?”

“அப்ப நீங்க ஏரியில என்ன பண்றீங்க?”

பதில் கிடைக்காத மனிதருக்குத் திட்டம்தானே கிடைக்கும்? கிடைத்தது.

“போட்டி வைப்போம். ஆளுக்கொரு புதுத் தூண்டில் ராடு, ஒரே மாதிரி கிராங்க்பெய்ட். யார் முதல் மீனைக் கரையேத்துறாங்களோ, வருஷம் பூரா ஞாயிறு அவங்களுக்கு!”

கிராங்க்பெய்ட் என்பது பிளாஸ்டிக் பொம்மை மீன். மூஞ்சியில் கரண்டி மாதிரி ஒரு பெரிய உதடு, வயிற்றிலும் வாலிலும் மும்முள் கொக்கி. ரீலைச் சுற்றச் சுற்ற ஆழத்துக்கு முக்குளித்துக்கொண்டே வரும். இழுக்கிறவர் மணிக்கட்டு கழன்றுவிடும். அவர் கணக்கும் அதுதான். அரை மணி நேரத்தில் கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அவளே வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

“சரி” என்றாள் மனைவி.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மனசு மாறுவதற்குள் விதிகளை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். கடைசி வரி, இரண்டு கோடு போட்டு: *மறுபேச்சு கிடையாது.*

தூண்டில் கடையில் அவர் எடுத்தது கறுப்பு கார்பன் ராடு. குட்டை, கடப்பாரை மாதிரி விறைப்பு.

“சார், ஆழத்துல முங்குற பொம்மைக்கு இது...” என்று ஆரம்பித்தார் தூண்டில்காரர்.

“எனக்கேவா? நான் பார்க்காத வீடியோவா? ராடுன்னா என்னை மாதிரி விறைப்பா நிக்கணும்.”

தூண்டில்காரர் பில் போட்டார்.

மனைவி ஒவ்வொரு கம்பாக எடுத்து நுனியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தாள். ஒன்று நுனியில் மட்டும் வளைந்தது; வைத்துவிட்டாள். இன்னொன்று அசையவே இல்லை, வைத்துவிட்டாள். மூலையில் தூசி படிந்து நின்ற மஞ்சள் ஃபைபர் கம்பு ஒன்று பாதிவரை குனிந்து நிதானமாக நிமிர்ந்தது. அவளைவிட இரண்டடி உயரம்.

“இது போதும்.”

“ஐயோ, நனைஞ்ச துடைப்பக்குச்சி மாதிரி இருக்கே!” என்று வருத்தப்பட்டார் கணவர். உள்ளுக்குள் ஒரு குத்தாட்டமே நடந்தது.

ஞாயிறு. ஏரியின் படகுத்துறை. நடுவர்கள், சூறாவளிகள் இருவர்.

அவள் வீசியது ஏரி நடுவில் போய் விழுந்தது. அவருடையது அதில் பாதித் தூரம். “அவ்வளவு தூரம் வீசி என்ன, பலமெல்லாம் வீண்” என்று சிரித்தார். அவளோ கம்பின் நீண்ட பிடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துணி மடிக்கிற வேகத்தில் சுற்றினாள். அரை மணி ஆயிற்று. கை வலித்தது. அவருக்கு.

அப்போது அவர் கம்பில் சுண்டி இழுத்தது!

“மாட்டிக்கிச்சு!” வெடுக்கென்று இழுத்தார். மீன் துள்ளியது. கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்து வந்து அவர் தொப்பியில் மாட்டியது.

“அப்பா தொப்பியப் பிடிச்சிட்டாரு!” என்றாள் பெரிய சூறாவளி.

இரண்டாவது மீன். மறுபடி வெடுக். மறுபடி பிய்ந்தது. பேயறைந்த மாதிரி கொக்கியைப் பார்த்தார். கொக்கியில் ஒரு பிழையும் இல்லை.

அவள் கம்பு வளைந்தது. நுனி வளைந்து, நடுவும் வளைந்தது. அவள் வெடுக்கென்று இழுக்கவே இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள். மீன் ஓடினால் கம்பு குனிந்தது, நின்றால் நிமிர்ந்தது.

“ஏங்க, வலையைப் பிடிங்க.”

பிடித்தார். தன் ஐம்பத்திரண்டு ஞாயிறும் துள்ளத் துள்ள அதில் வந்து விழுந்ததை, தன் கையாலேயே தூக்கினார்.

“உ... உனக்கு எப்படி?”

“வாய் விஷயம் எனக்குத் தெரியாதா? விறைப்பா இழுத்தா கிழியும். கம்பு விட்டுக்கொடுத்தாத்தான் கொக்கி நிக்கும். நீளக் கம்புன்னா தூரமா விழும், தூரமா விழுந்தாத்தான் ஆழமா முங்கும்.”

“இதெல்லாம் யார் சொன்னது?”

“தினம் சாப்பிட்டுட்டு ஸ்பீக்கர்ல வீடியோ போடுவீங்களே. நீங்க ரெண்டாவது நிமிஷத்துல குறட்டை. பாத்திரம் கழுவுறவளால காதை மூட முடியுமா? ஈரக்கை!”

“அப்ப... மூணு போட்டியில ரெண்டு ஜெயிச்சாத்தான்னு வச்சுக்கலாமே?”

“ஃபிரிட்ஜுல கடைசி வரி என்னங்க?”

அடுத்த ஞாயிறு. ஒரு சூறாவளி மேஜைக்கு அடியில், ஒன்று மேஜைக்கு மேல். கழுவுதொட்டி நிறையப் பாத்திரம். ஏரியிலிருந்து ஃபோன் வந்தது.

“என்னங்க, சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். ஸ்பீக்கர்ல அந்த வீடியோவைப் போட்டுட்டுக் கழுவ ஆரம்பிங்க. எனக்கு எட்டு மாசத்துல எல்லாம் மண்டையில ஏறிடுச்சு. உங்களுக்குக் கூடக் கொஞ்ச நாள் ஆகும்.”